அம்மாவுக்கு நான் வாசிக்காத வரி

எப்போதும் வாசல் மணியை இரண்டு தடவை அடிக்கும் என் கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ இருந்தபோது நான் உனக்கு எழுதியதெல்லாம் வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டாயா’, ‘சரி’, ‘இரண்டு சாக்ஸ் போடு’ என்ற அளவில்தான். முழுதாக ஒரு கடிதம் எழுத இத்தனை நாளாகிவிட்டது. நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது.

இதை எழுதி மடித்து உன் அலமாரியிலேயே வைத்திருக்கலாம். இங்கே தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஒரு பக்கமும், பதக்கத்தோடு ஒரு படமும் கேட்டார்கள். “வீரமா இருக்கட்டும் சார், பசங்க படிப்பாங்க” என்றார் செயலாளர். எழுத உட்கார்ந்தால் எனக்கு வீரமாக ஒன்றும் வரவில்லை. அதோடு, நான் திருத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவில் நமக்குத் தெரிந்த தமிழர்கள் எல்லோரிடமும் உன்னைப் பற்றி ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருத்த வேண்டும். அதனால் உனக்கு எழுதுகிறேன், அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் கட்டடத்துக்கு ஒருவழியாக வண்ணம் அடித்தார்கள். நீ சொன்ன நிறம் இல்லை, ஜுர மாத்திரை மாதிரி ஒரு மஞ்சள். உன் பைக்கை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன், ஓட்டுவதில்லை. தெரு முனை க்ளப்பில் உன் பெயரில் கேரம் போட்டி நடத்துகிறார்கள். கேப்டன் கதிர் நினைவுக் கோப்பை. நீ ஒரு காயை உருப்படியாகக் குழியில் தள்ளி நான் பார்த்ததில்லை, ஸ்ட்ரைக்கரைத்தான் தள்ளுவாய். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், கொடுத்தேன், கை தட்டினார்கள், வந்துவிட்டேன்.

இப்படித்தான் எல்லாவற்றுக்கும் போகிறேன், வருகிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. அழுகை வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. உன் அம்மா அழுதாள், ஓய்ந்தாள், மறுபடியும் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உன்னைக் கொண்டுவந்த அன்று கையெழுத்துக் கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், ஒரு இடத்தில் தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், அதைக்கூடத் திருத்தினேன். கூட வந்த அதிகாரி என் தோளைத் தொட்டு, நான் ரொம்பத் திடமான மனிதர் என்றார். அதற்குப் பெயர் திடம்தானா?

அந்தப் போன் வந்தது காலை பத்தேகாலுக்கு. நான் அடுப்படியில் குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காத்திருந்தேன். அம்மா துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். பேசியவர் உன் கமாண்டிங் ஆபீசர். இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். முந்தின நாள் மலைச்சரிவில் சண்டை என்றார். உனக்கு வயிற்றில் குண்டு பட்டது என்றார். பட்ட பிறகும் மூன்று மணி நேரம் இடத்தைவிட்டு நீ நகரவில்லை, காயம்பட்ட இரண்டு பேரை முதலில் கீழே இறக்கச் சொன்னாய், அவர்கள் இறங்கி முடிக்கிறவரை மேலே இருந்து சுட்டுக்கொண்டே இருந்தாய், அதன் பிறகுதான் போனாய் என்றார். நான் நான்கு முறை ‘யெஸ் சார்’ என்றேன். கடைசியில் ‘தேங்க் யூ’ என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா காலி வாளியோடு இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.  பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“புள்ளைக்கு ரொம்ப வலிச்சுதாமா?”

“இல்ல. குண்டு பட்ட ஒடனே போயிட்டானாம். வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னார்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தலையை ஆட்டினாள். அன்று மாலைக்குள் வந்தவர்கள் எல்லோரிடமும் அதை நானே திரும்பத் திரும்பச் சொன்னேன். அடுத்த வாரம் அவளும் சொல்ல ஆரம்பித்தாள். “வலி இல்லாம போனான் என் புள்ளை, அது ஒண்ணுதான் ஆறுதல்.” வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அழ ஆரம்பிக்கும் பெண்களை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அவளே தேற்றுவாள். அவள் பிடித்துக்கொண்டு நிற்க அது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்தேன். அதை எப்படிப் பிடுங்குவது?

அடுத்த வருடம் பதக்கம் கொடுத்தார்கள். நானும் அம்மாவும் ஹவுராவிலிருந்து ரயில் ஏறிப் போனோம். ஒரு படைத்தள மைதானம், நல்ல வெயில். முந்தின நாள் ஒத்திகை வைத்தார்கள். எங்கே நிற்பது, எத்தனை அடி நடப்பது, எப்போது திரும்புவது எல்லாம் ஒரு இளம் அதிகாரி சொல்லிக்கொடுத்தான். உன் வயதுதான் இருக்கும். அவன் இன்னொன்றும் சொன்னான். பிற்பாடு எங்காவது விழாவில் நாங்கள் பதக்கத்தை அணிந்துகொள்ளலாமாம். ஆனால் வலது மார்பில்தான் குத்திக்கொள்ள வேண்டுமாம். இடது மார்பு வாங்கியவனுக்கு உரியது, வலது பக்கம் அவனைப் பறிகொடுத்தவர்களுக்கு. இராணுவத்தில் இதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஒலிபெருக்கியில் நீ செய்ததை வாசித்தார்கள், இங்கிலீஷில். அம்மா அரக்குப் புடவையில் நேராக நின்றாள். பெட்டியை வாங்கினாள், சொன்னபடி திரும்பினாள், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் கீல் கொஞ்சம் தளர்வாக இருந்தது. பதக்கத்தின் விளிம்பில் உன் எண்ணும் பெயரும் பொறித்திருந்தார்கள், எழுத்துக்கள் ஒரே ஆழத்தில் சீராக இருந்தன. மகனின் பதக்கத்தை முதல் முதலாகக் கையில் வாங்கிய தகப்பன் பார்த்தது இதைத்தான்.

விடுதி அறைக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “மைக்ல அவ்வளவு நேரம் வாசிச்சாங்களே, அது எல்லாம் இந்தக் காயிதத்துல இருக்கா? படிங்க.”

பதக்கத்தோடு கொடுத்த பக்கம் அது. சைட்டேஷன் என்கிறார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நீ எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்திப் போனது, எதிரிகள் மேலே இருந்தது, நீ முன்னால் தவழ்ந்து போய் அவர்களின் துப்பாக்கியை நிறுத்தியது, உனக்குக் குண்டு பட்டது. அதற்கு அடுத்த வரி, ‘கடும் ரத்தப்போக்கிலும் தம்மை அப்புறப்படுத்த மறுத்து, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக…’ என்று போகிறது. அதைத் தாண்டி, கடைசி வரிக்குப் போனேன். ‘மிக உயரிய தியாகம்’ என்று முடித்தேன். அம்மா காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள்.

கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்திரண்டு வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுவிட்டால் எழுதாமல் விட்டதில்லை. அதற்காக எத்தனை ஃபோர்மன்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள் என்று உனக்கே தெரியும். அப்படிப்பட்டவன் ஒரு முழு வரியை விழுங்கினேன்.

விழுங்கியது அது ஒன்றை மட்டுமல்ல. முத்துக்குமாரை நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பது பைத்தியக்காரத்தனம். உன் வயர்லெஸ்காரன், தருமபுரிப் பக்கத்துப் பையன். கடைசி வரை உன்னோடு இருந்தவன் அவன் என்று உன் கமாண்டிங் ஆபீசர் சொல்லியிருந்தார். அவன் மூன்று முறை எனக்குப் போன் செய்தான். “அம்மாவ ஒரு தடவ பாக்கணுங்கய்யா” என்றான். ஒரு முறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். இன்னொரு முறை ஊரில் இல்லை என்றேன். மூன்றாவது முறை, “அப்புறம் பாக்கலாம்பா” என்று வைத்துவிட்டேன். வேறு யாராவது வந்தால் நான் நடுவில் உட்கார்ந்து தமிழில் மாற்றிச் சொல்லிச் சமாளித்திருப்பேன். இவன் தமிழ்ப் பையன், நேராக அவளிடமே பேசிவிடுவான்.

அப்படிக் கதவை எல்லாம் சாத்தி வைத்தவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. வங்காளம் அப்படியில்லையே. முப்பது வருடமாக மீன்காரரோடு வாதாடிக் கற்ற வங்காளம், டிவி சீரியலில் மாமியார் சொல்வதற்கு முன்பே வசனத்தைச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம்தான் தங்கள் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல வருவார்கள். இது தெரியாதவனா நான்?

போன மாதம் உன் நினைவு நாளில் க்ளப்பில் ரத்ததான முகாம் வைத்தார்கள். இந்த ஊரில் யாரை நினைப்பதாக இருந்தாலும் ரத்தம் கொடுத்துத்தானே நினைப்பார்கள். பந்தல் போட்டு, உன் படத்துக்கு ரஜனிகந்தா மாலை போட்டு, உள்ளே பன்னிரண்டு கட்டில். கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு டிபன் பெட்டி. க்ளப் செயலாளர் தபன்தா, பாங்கில் இருந்து ஓய்வுபெற்றவர், அதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்து சைட்டேஷனின் நகல் ஒன்று கேட்டார். நானே கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வெள்ளைச் சட்டையில் வலது பக்கம் உன் பதக்கத்தைக் குத்திக்கொண்டு போயிருந்தேன். அம்மா மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தபன்தா மைக்கின் முன்னால் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அதை வங்காளத்தில் மொழிபெயர்த்திருந்தார், கதிர். வெறும் மொழிபெயர்ப்பு இல்லை. பூஜை மேடையில் கவிதை சொல்லும் குரலில், ஏற்றி இறக்கி, நிறுத்தி, அழகாக வாசித்தார். ஒரு வரியையும் விடவில்லை. ‘தின் கொண்ட்டா தோரே’, மூன்று மணி நேரமாக, என்ற இடத்தில் குரல் உடைந்து மறுபடியும் அதையே சொன்னார். ரத்தம் சொட்டச் சொட்ட என்று சொன்னார். கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. எதிரில் பந்தல் கம்பில் கட்டியிருந்த கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடிந்ததும் அவள் எழுந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கி, ரத்தம் கொடுக்க நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள், அவள் போகவில்லை. தன் முறை வரும்வரை நின்றாள்.

அங்கிருந்த இளம் டாக்டர் விரலில் குத்திச் சோதித்துப் பார்த்துவிட்டு, மாஷிமா என்று பெரியம்மா முறை வைத்து அழைத்து, ரத்தம் போதாது, உங்களிடம் எடுக்கக்கூடாது என்றாள். கொஞ்சமாவது எடுத்துக்கொள் என்று அம்மா வங்காளத்தில் கேட்டாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முடியாது என்று தலையை ஆட்டினாள். அம்மா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, “நாளைக்குப் பால் ஒரு பாக்கெட் போதும்” என்றாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இப்படியே போயிற்று. பால், மாத்திரை, கேஸ் புக் பண்ணியாச்சா. சண்டை போட்டிருந்தால் தேவலை. மேல் வீட்டுப் பெண் ஒருத்தி வந்து உன்னைப் பற்றிப் பேசியபோது, வலி இல்லாமல் போனான் என்ற வாக்கியத்தை அம்மா சொல்லவில்லை.  நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கொடுத்து, நானே ஊர் நடுவில் வைத்துப் பிடுங்கியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு நின்றேன்.

“தபன்தா வாசிச்சாரே. நீங்க படிச்சப்ப அது இல்ல.”

“இல்ல.”

“அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“போன் வந்த அன்னிக்கே தெரியும்.”

அவள் அடுப்பை அணைத்தாள். கல்லில் தோசை பாதி வெந்து கிடந்தது. என்னைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

“அந்த மூணு மணி நேரம் அவன்கூட யார் இருந்தா?”

முத்துக்குமாரைப் பற்றிச் சொன்னேன். மூன்று முறை பேசினான் என்றும் சொன்னேன், நான் என்ன சொல்லித் தவிர்த்தேன் என்றும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு எதையும் மறைக்கத் தோன்றவில்லை.

“இப்பக் கூப்பிடுங்க,” என்றாள்.

அவன் அடுத்த வாரமே லீவில் ஊருக்குப் போகிற வழியில் வந்தான். ஹவுரா ஸ்டேஷனில் பெரிய கடிகாரத்தின் கீழே நின்றேன். பைகளோடு வந்தவன் என்னைப் பார்த்ததும் சல்யூட் அடிப்பதா, காலில் விழுவதா என்று தெரியாமல் தடுமாறி இரண்டையும் அரைகுறையாகச் செய்தான். சின்னப் பையன், கதிர். நீ போனில் அவனைப் பற்றிப் பேசும்போது நான் ஒரு பெரிய மீசைக்காரனை நினைத்து வைத்திருந்தேன்.

டாக்சியில் பாலம் தாண்டும்போது நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

“தம்பி, அம்மா கேப்பாங்க. மயக்கமாவே இருந்தார், ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடு. அவங்க தாங்க மாட்டாங்க.”

அவன் வெளியே பார்த்துக்கொண்டே, “சரிங்கய்யா,” என்றான். 

அம்மா அவனுக்குச் சாப்பாடு போட்டாள். மீன் குழம்பு, பொரியல், தயிர். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை பொறுத்திருந்தாள். பிறகு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுப்பா. வலிச்சுதா அவனுக்கு?”

முத்துக்குமார் என் முகத்தைப் பார்த்தான்.

“அவரப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு.”

அவன் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “வலிச்சுதுங்கம்மா,” என்றான். “ரொம்ப வலிச்சுது. கத்தல. பல்லக் கடிச்சுக்கிட்டாருங்க.”

“தண்ணி கேட்டானா?”

“கேட்டாருங்கம்மா. வயித்துல காயம், குடுக்கக்கூடாது. துணிய நனைச்சு உதட்டுல வெச்சுக்கிட்டே இருந்தேனுங்க.”

அம்மா மேலே சொல் என்கிற மாதிரி தலையை அசைத்தாள். அவன் சொன்னான். காயம்பட்ட இரண்டு பேர், அவர்களைத் தூக்க நான்கு பேர், ஆக ஆறு பேரைக் கீழே போகச் சொல்லிவிட்டு நீயும் அவனும் மட்டும் மேலே இருந்திருக்கிறீர்கள். கீழே ஓர் ஓடை. அதைத் தாண்டுகிறவர்கள் மேலே இருந்தால் தெரிவார்களாம். சுடுவதை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டு நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

“சாருக்குத் தமிழ் நல்லா வருங்க. எண்ணுறப்ப மட்டும் வங்காளத்துலதான் எண்ணுவாரு, நாங்க கிண்டல் பண்ணுவோம். அன்னிக்கும் அப்படித்தாங்க. ஏக், துய், தின்னு ஒவ்வொருத்தரா ஓடையத் தாண்டத் தாண்ட எண்ணுனாரு. அஞ்சுக்கு அப்புறம் ரொம்ப நேரம் யாரும் தெரியல. அதுக்கப்புறம் ச்சோய்னாரு. ஆறுங்க. அப்புறந்தான் துப்பாக்கியக் கீழ வெச்சாரு.”

“அதுக்கப்புறம்?”

“நீயும் போடான்னாருங்க. நான் போகல. அவரு சொன்னத நான் கேக்காதது அது ஒண்ணுதானுங்கம்மா. தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். குளுருதுன்னாரு. என் ஜாக்கெட்டப் போட்டு மூடுனேன். மணி என்ன, மணி என்னன்னு ரெண்டு மூணு தடவ கேட்டாரு. அவ்வளவுதானுங்க.”

“என்னைக் கேட்டானா?”

அவன் திரும்பவும் கையைப் பார்த்தான். ஒரு பொய் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இருக்காது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இல்லீங்கம்மா. பேச்சு அப்பக் கொறைஞ்சு போச்சுங்க.”

அம்மா எழுந்து அவன் அருகில் போனாள். அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் அழுதாள், ஆனால் நான் இரண்டு வருடமாகப் பார்த்த அழுகை இல்லை அது.

“உன் மடியிலதானே இருந்தான்?”

“ஆமாங்கம்மா.”

“ஒடனே போயிட்டான்னு இவர் சொன்னார்ப்பா. ஒடனே போனான்னா, யாரும் பக்கத்துல வர்றதுக்குள்ள போயிட்டான்னுதானே. எங்கயோ கல்லுல, மண்ணுல தனியாக் கெடந்தான்னுதானே. ரெண்டு வருஷமா கண்ண மூடினா அதான் தெரியும். ஒரு ஆள் இல்லாம என் புள்ளை போனான்னு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை. “வலி இல்லாம போனான்னு நான் வந்தவங்ககிட்டச் சொன்னேனே, உங்களுக்காகத்தான் சொன்னேன். அதச் சொன்னா உங்க முகம் கொஞ்சம் தெளியும்.”

 அவள் தாங்க மாட்டாள் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தாங்காதவன் யார் என்று இப்போது தெரிகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் நீ என்ன செய்தாய், என்ன பேசினாய் என்று உன் கமாண்டிங் ஆபீசரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முத்துக்குமாரிடம் கேட்கவில்லை. அம்மாவைக் காப்பாற்றுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு என் காதைத்தான் பொத்திக்கொண்டேன். அதன் விலையாக அவள் இரண்டு வருடம் நீ தனியாகச் சாவதைத் தினம் தினம் பார்த்திருக்கிறாள். என்னை நீ மன்னிப்பாயா என்று கேட்க மாட்டேன், நீ பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பது நியாயமில்லை.

முத்துக்குமாரை மாலை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். அவனுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள் அம்மா. ஊரில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்களாம், கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா சைட்டேஷனை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள். என் கண்ணாடியும் பக்கத்தில் இருந்தது.

“இப்ப முழுசாப் படிங்க,” என்றாள்.

படித்தேன். எட்டுப் பேர், மலைச்சரிவு, நீ தவழ்ந்து போனது, குண்டு. அந்த வரி வந்தது. நின்றேன். அவள் அவசரப்படுத்தவில்லை, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். படித்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடித்ததும், “இன்னொரு தடவ,” என்றாள். இன்னொரு தடவை படித்தேன்.

சங்கத்தார் படிக்கட்டும்: என் மகன் உடனே போகவில்லை. வலி தெரியாமல் போகவில்லை. தாகத்தோடும் குளிரோடும் மூன்று மணி நேரம் இருந்தான். ஆறு பேர் இறங்கியதை எண்ணிப் பார்த்தான். ஒரு பையனுடைய மடியில் போனான். இதுவரை என்னிடம் வேறு மாதிரி கேட்டவர்கள் அதை மறந்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர், எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. முத்துக்குமார் பேசியபோதும் வரவில்லை, அம்மாவுக்குப் படித்தபோதும் வரவில்லை. ஆனால் என்றாவது ஒரு நாள் வரும் என்று தோன்றுகிறது. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அது எப்போது வந்தாலும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ள மாட்டேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே அழுவேன்.

அம்மாவோடு லேக் கார்டன்ஸ் வீட்டில் இருக்கும்,
உன் அப்பா